பெனான் மக்கள்: ஆற்றங்கரை வாழ்க்கையும் வாய்மொழி மரபும்

மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் உள்ள முலு தேசியப் பூங்காவைக் காணச் செல்லும் பயணிகள், மெலினாவ் ஆற்றில் நீண்ட மரப்படகில் ஏறிக் குகைகளை நோக்கிப் போகும் வழியில், பத்து புங்கான் என்னும் குடியிருப்பில் சிறிது நேரம் இறக்கிவிடப்படுகிறார்கள். அங்கே பெனான் இனப் பெண்கள் பிரம்பால் பின்னிய கூடைகளையும், பாய்களையும், மணிமாலைகளையும் பரப்பி வைத்து விற்கிறார்கள். விரும்பும் பயணி ஊதுகுழலை வாயில் வைத்து ஓர் அம்பை ஊதிப் பார்க்கலாம். பிறகு படகு புறப்பட்டுவிடும். காலங்காலமாக ஆற்றங்கரையில் வாழ்ந்துவரும் ஒரு பழங்குடியைப் பார்த்துவிட்டோம் என்ற எண்ணத்துடன் பயணியும் போய்விடுகிறார்.

அந்த எண்ணம் சரியானதல்ல. பெனான் மக்களுக்கு ஆற்றங்கரை புதிய இடம். அங்கே அவர்கள் குடியேறி இரண்டு, மூன்று தலைமுறைகளே ஆகின்றன. ஆனால் ஆறுகளின் பெயர்கள் அவர்களுக்கு மிகப் பழையவை. இறந்தவர்களின் நினைவும், காட்டின் மீதான உரிமையும், வழியறியும் அறிவும் அந்தப் பெயர்களுக்குள்தான் இருக்கின்றன. எழுத்தில் எதையும் வைக்காத ஒரு சமூகம், எழுதப்பட்ட சட்டத்தின் முன் தன் நிலத்தை நிரூபிக்க வேண்டிய நிலைக்கு வந்தபோது, இந்தப் பெயர்களே அதன் கையில் இருந்த ஆவணங்களாயின.

மேட்டிலிருந்து கரைக்கு

போர்னியோத் தீவின் வடபகுதியில் வாழும் பெனான் மக்களின் எண்ணிக்கை சரவாக்கில் 16,000க்கும் மேல் என மதிப்பிடப்படுகிறது. அண்டை நாடான புரூணேயிலும் அவர்களில் ஒரு சிறு பிரிவினர் உள்ளனர். பாராம் ஆற்றை எல்லையாகக் கொண்டு கிழக்குப் பெனான், மேற்குப் பெனான் என்று ஆய்வாளர்கள் அவர்களை இரண்டாகப் பிரிக்கிறார்கள். இரு பிரிவினரின் பேச்சிலும் பழக்கங்களிலும் வேறுபாடுகள் உண்டு.

போர்னியோவின் பெரிய ஆறுகளின் கரைகளில் நீள்வீடுகள் கட்டி, நெல் பயிரிட்டு, படகோட்டி வாழ்ந்தவர்கள் காயான், பெராவான் முதலிய இனத்தவரே. பெனான் மக்கள் அவர்களுக்கு மேலே, மலைமுகடுகளில் அலைந்து திரிந்தார்கள். பெரிய ஆறுகளைக் கண்டு அஞ்சினார்கள். வெயில் நேரடியாக விழும் வெட்டவெளியையும் அவர்கள் விரும்பவில்லை. இளமரங்களை நட்டு, பிரம்பால் கட்டி, தரையிலிருந்து சற்று உயரத்தில் தளம் அமைத்து, பனையோலை வேய்ந்த குடிலே அவர்களது வீடு. அதைக் கட்டச் சில மணி நேரம் போதும். சில வாரங்கள் அங்கே தங்குவார்கள். சுற்றுப்புறத்தில் உணவு குறைந்ததும் அதைக் கைவிட்டு அடுத்த முகட்டுக்குப் போவார்கள்.

கரையில் வாழ்ந்தவர்களோடு அவர்களுக்கு வணிக உறவு இருந்தது. சரவாக்கை ஆண்ட புரூக் குடும்பத்தினரின் காலத்தில், அரசு அதிகாரியின் மேற்பார்வையில் குறிப்பிட்ட இடங்களில் பண்டமாற்றுச் சந்தைகள் நடத்தப்பட்டன. 'தாமு' என்று அழைக்கப்பட்ட இச்சந்தைகள் 1970கள் வரை நீடித்தன. பெனான் மக்கள் குங்கிலியம், அகில், பிரம்புப் பாய்கள், குரங்கின் வயிற்றில் உருவாகும் மருந்துக்கல் ஆகியவற்றைக் கொண்டுவந்து, உப்பு, இரும்பு, துணி, புகையிலை ஆகியவற்றைப் பெற்றுச் சென்றார்கள். அகிலும் குங்கிலியமும் தமிழருக்கும் பழக்கமான பொருள்கள்தான். ஆனால் அவற்றைக் காட்டுக்குள் தேடி எடுத்த கைகள் யாருடையவை என்பதை வாங்கியவர்கள் எந்த நாட்டிலும் பெரிதாக எண்ணிப் பார்த்ததில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் கிறிஸ்தவ ஊழியர்களின் வருகையும், பள்ளிக்கூடம், மருந்தகம் ஆகியவற்றைக் காட்டி அரசு அளித்த ஊக்கமும் சேர்ந்து பெனான் குழுக்களை ஒவ்வொன்றாக ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்தன. இன்று பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். 'லோங்' என்று தொடங்கும் ஊர்ப்பெயர்கள் பல. லோங் என்றால் ஓர் ஆறு இன்னோர் ஆற்றோடு கலக்கும் முகத்துவாரம். லோங் லமாய், லோங் கெரோங், லோங் இமான் என்று ஊரின் பெயரே அது நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறது. முழுக்க நாடோடியாக வாழ்பவர்கள் இப்போது மிகச் சிலரே. மற்றவர்கள் மலைநெல்லும் மரவள்ளியும் பயிரிட்டு, வலை வீசி மீன் பிடித்து, இயந்திரம் பொருத்திய படகில் போய்வருகிறார்கள். ஆயினும் வேட்டைக்கும், பிரம்புக்கும், பழத்துக்கும் காட்டுக்குள் போவது நிற்கவில்லை.

சவ்வரிசியும் காட்டுப்பன்றியும்

நாடோடி வாழ்க்கையின் ஆதாரம் நெல் அல்ல, 'உவுட்' என்று அவர்கள் அழைக்கும் காட்டுப்பனை. முகடுகளில் கொத்துக்கொத்தாக வளரும் இந்தப் பனையின் தண்டை வெட்டிப் பிளந்து, உள்ளிருக்கும் சோற்றை மரச்சுத்தியால் நைய இடிப்பார்கள். அதை ஓடைக்கரையில் கட்டிய பரணின் மேல் பிரம்புப் பாயில் கொட்டி, நீர் ஊற்றி, காலால் மிதிப்பார்கள். மாவு கரைந்து கீழே விரித்த இன்னொரு பாயில் வடிந்து படியும். தெளிந்த நீரை வடித்துவிட்டு, படிந்த மாவை நெருப்பின் மேல் உலர்த்தி எடுப்பார்கள். குடும்பமே சேர்ந்து செய்யும் வேலை இது. அந்த மாவைக் கொதிநீரில் கிளறினால் பசைபோன்ற களி கிடைக்கும். 'நாவோ' எனப்படும் இதை, முனை பிளந்த சிறு குச்சியில் சுற்றி எடுத்து, இறைச்சிச் சாற்றில் தோய்த்து உண்பார்கள். நம் வீடுகளில் பாயசத்துக்குப் போடும் ஜவ்வரிசி, இன்று சேலம் பகுதியில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து செய்யப்படுகிறது. அந்தப் பொருள் முதலில் இத்தகைய தென்கிழக்காசியப் பனைகளின் தண்டிலிருந்து வந்ததே.

பெனான் மக்களின் முதன்மையான இறைச்சி தாடிப்பன்றி எனப்படும் போர்னியோக் காட்டுப்பன்றி. கடின மரத்தில் நீளத் துளையிட்டுச் செய்யப்படும் ஊதுகுழலின் முனையில் இரும்பு ஈட்டியும் பிரம்பால் கட்டப்பட்டிருக்கும். தொலைவில் உள்ள குரங்குக்கும் பறவைக்கும் நச்சு அம்பு, அருகில் பாயும் பன்றிக்கு ஈட்டி என ஒரே கருவி இரண்டு வேலை செய்கிறது. 'தாஜெம்' என்ற மரத்தின் பாலைச் சுண்டவைத்து அந்த நஞ்சைத் தயாரிக்கிறார்கள். இதே மர இனம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வளர்கிறது. இப்போது பல ஊர்களில் துப்பாக்கியும் பயன்படுகிறது. 2021ஆம் ஆண்டு ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் போர்னியோவில் பரவியபோது காட்டுப்பன்றிகள் பெருமளவில் மடிந்தன. அந்த ஆண்டில் காட்டுக்குள் போனவர்கள் வெறுங்கையுடன் திரும்பியது பழங்குடியினரின் உணவைப் பொறுத்தவரை சிறிய செய்தியல்ல.

வேட்டையில் கிடைத்ததை முகாமில் உள்ள எல்லாக் குடும்பங்களுக்கும் சமமாகப் பங்கிட வேண்டும். பங்கிடாமல் வைத்துக்கொள்வது பெருங்குற்றமாகக் கருதப்படுகிறது. சிறிய பறவை ஒன்று கிடைத்தாலும் துண்டுகளாகும். கொடுப்பது கடமை என்பதால், பெற்றவர் நன்றி சொல்ல வேண்டும் என்ற வழக்கமும் இல்லை.

இந்த மனப்போக்கு மொழியிலும் தெரிகிறது. தமிழில் கேட்பவரையும் சேர்த்து 'நாம்' என்கிறோம், அவரை விலக்கி 'நாங்கள்' என்கிறோம். ஆங்கிலத்தில் இல்லாத இந்த வேறுபாடு பெனான் மொழியிலும் உண்டு. அவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், இருவரா, சிலரா, பலரா என்பதையும் அச்சொல்லிலேயே காட்டுகிறார்கள். ஆகவே தன்மைப் பன்மைக்கு மட்டும் அவர்களிடம் ஆறு சொற்கள் உள்ளன. ஒன்றாக நடந்து, ஒன்றாக உண்ணும் சிறு குழுவுக்கு 'நாம்' என்பது யார் யார் என்ற கேள்வி அன்றாடம் எழும் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

'மோலோங்' என்ற வழக்கத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். காட்டில் ஒரு பனைக்கொத்தையோ, பழமரத்தையோ, நச்சு மரத்தையோ முதலில் கண்டவர் அதில் ஓர் அடையாளம் வெட்டி வைப்பார். அது முதல் அம்மரம் அவரது பொறுப்பில் இருக்கும். முதிர்ந்த தண்டை மட்டும் எடுத்து, இளங்கன்றுகளை விட்டுவைப்பார். அவரது பிள்ளைகளும் அதைப் பேணுவார்கள். வேலியிட்டுத் தனக்கென ஒதுக்கிக்கொள்வதை விட, எதிர்காலத்துக்கென்று காத்துவைப்பதே இச்சொல்லின் மையப் பொருள். அலைந்து திரிபவர்களுக்கு நிலத்தின் மீது பற்று இராது என்று நினைப்பவர்கள் இந்த ஒரு சொல்லையாவது அறிந்திருக்க வேண்டும்.

இறந்தவரின் பெயரைச் சொல்லாத வழக்கம்

பெனான் மரபுகளில் வெளியுலக அறிஞர்களை மிகவும் ஈர்த்தது பெயரிடும் முறையாகும். 1950களின் தொடக்கத்தில் அவர்களிடையே தங்கி ஆய்வு செய்த பிரிட்டிஷ் மானுடவியலாளர் ராட்னி நீடாம், 1954இல் இதுபற்றி விரிவாக எழுதினார். பிரெஞ்சு அறிஞர் க்ளோத் லெவி ஸ்த்ரோஸ் பின்னர் தமது நூலொன்றில் அதை எடுத்து ஆராய்ந்தார்.

ஒரு பெனான் தம் வாழ்நாளில் பல பெயர்களால் அழைக்கப்படுவார். பிறந்தபோது இட்ட பெயர் ஒன்று. குழந்தை பிறந்ததும் 'இன்னாரின் தந்தை', 'இன்னாரின் தாய்' என்று பெயர் மாறும். நெருங்கிய உறவினர் ஒருவர் இறந்தால் அதற்கென உள்ள துக்கப் பெயர் வந்து சேரும். தந்தை இறந்தால் ஒன்று, தாய் இறந்தால் வேறொன்று. பிள்ளையையோ உடன்பிறந்தவரையோ இழந்தால், இறந்தவர் பிறப்பு வரிசையில் எத்தனையாவது என்பதைப் பொறுத்துப் பெயர் அமையும். வீட்டில் புதிதாக ஒரு குழந்தை பிறந்ததும் பெற்றோரின் துக்கப் பெயர் நீங்கிவிடும். ஒருவரை அழைக்கும்போதே அவர் யாரை இழந்தவர் என்பது கேட்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. இறந்தவரின் பெயரோ எவர் வாயிலும் வருவதில்லை. கணவரின் பெயரைச் சொல்லாத பாட்டிமார்களைக் கண்ட நமக்கு, பெயரைத் தவிர்ப்பது மதிப்பின் ஒரு வடிவம் என்பது எளிதில் விளங்கும்.

அப்படியானால் இறந்தவரைப் பற்றிப் பேசுவது எப்படி? 1980களில் மேற்குப் பெனான் மக்களிடையே ஆய்வு செய்த அமெரிக்க மானுடவியலாளர் பீட்டர் ப்ரோஷியஸ் இதற்கான விடையைப் பதிவு செய்தார். எந்த ஓடையின் அருகே ஒருவர் அடக்கம் செய்யப்பட்டாரோ, அந்த ஓடையின் பெயரால் அவரைக் குறிப்பார்கள். பழங்காலத்தில் ஒருவர் இறந்தால் உடலைப் பாயில் சுற்றிக் குடிலின் அடியிலேயே புதைத்துவிட்டு, முகாமை அன்றே கைவிட்டுப் போவார்கள். ஆண்டுகள் கழித்து அவ்வழியாக வரும்போது அந்த ஓடையே அவரை நினைவூட்டும்.

ஓடைகளுக்குப் பெயர் வைப்பதிலும் இதே போக்கு உண்டு. அங்கே வளர்ந்த ஒரு மரம், அங்கே வாழ்ந்த ஒருவர், அங்கே நடந்த ஒரு நிகழ்ச்சி என ஏதேனும் ஒன்று பெயராகிவிடும். பெரிய ஆறு, அதில் கலக்கும் சிற்றாறு, அதில் கலக்கும் ஓடை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவதே அவர்களின் வரைபடம், அதுவே அவர்களின் வரலாற்று நூல். ஆகையால், ஓர் ஓடை மண்மூடிப் போனால் முன்னோர் ஒருவரைப் பற்றிப் பேசும் வழியும் அதோடு அடைபடுகிறது.

கதை, சகுனம், குச்சிச் செய்தி

பெனான் மக்களின் கதைகள் 'சுகெட்' எனப்படுகின்றன. இரவில் நெருப்பைச் சுற்றி அமர்ந்து, முதியவர் ஒருவர் சொல்ல மற்றவர்கள் கேட்பது வழக்கம். சரவாக்கைச் சேர்ந்த ஆய்வாளர் ஜெயில் லாங்குப் இக்கதைகளில் பலவற்றைத் தொகுத்து 2001இல் வெளியிட்டார். மூங்கில் குழாயின் தோலையே நரம்பாக நிமிர்த்திச் செய்த 'பாகாங்' என்ற யாழும், மூக்கால் ஊதும் 'கெரிங்குட்' என்ற குழலும் இந்த இரவுகளுக்குத் துணையாயிருந்தன.

காட்டின் சட்டங்களைப் பிள்ளைகள் கற்றுக்கொள்வது இத்தகைய கதைகளாலும் நம்பிக்கைகளாலும்தான். விலங்குகளைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, மனிதரைப்போல் அவற்றுக்கு வேடமிட்டு விளையாடக் கூடாது என்பது மிகக் கண்டிப்பான விதி. மீறினால் இடியின் ஆவி சினங்கொள்ளும், புயல் எழும், ஊரே கல்லாகிப் போகும் என்ற கதை போர்னியோ முழுவதும் வழங்குகிறது. கடலுக்கு அப்பால், மலாயா தீபகற்பத்துக் காடுகளில் வாழும் செமாங் மக்களிடமும் இதே நம்பிக்கை இருப்பதைக் கண்டு வியந்த நீடாம், 1964இல் அதுபற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். இரு மக்களும் ஒருவரையொருவர் அறிந்தவர்களல்லர். கொன்று உண்ணும் உயிரை இழிவுபடுத்தக் கூடாது என்பதே இதன் உட்கருத்து என்று தோன்றுகிறது.

சகுனம் பார்ப்பதும் உண்டு. புறப்படும் வேளையில் குறிப்பிட்ட பறவை எந்தப் பக்கமாகப் பறக்கிறது, கேளையாடு குரைக்கிறதா என்பதைக் கவனித்துப் பயணத்தைத் தள்ளிவைப்பார்கள். மதம் மாறிய பின்னர் இளையவர்கள் பலர் இவற்றை விட்டுவிட்டனர்.

ஆனால் 'ஓரோ' எனப்படும் குச்சிச் செய்தி இன்னும் முற்றிலும் மறையவில்லை. முன்னே சென்ற குழு, பின்னே வருபவர்களுக்காகப் பாதையோரம் ஒரு குச்சியை நட்டு வைக்கும். அது சாய்ந்திருக்கும் திசை, போன திசை. அதில் செருகிய இலைகளும் சிறு குச்சிகளும் வெட்டுகளும் எத்தனை நாள் பயணம், பசியோடு இருக்கிறோமா, ஆபத்து உண்டா என்பதையெல்லாம் சொல்லும். ஒரே நீளமுள்ள இரண்டு சிறு குச்சிகள் வைத்திருந்தால், நாம் ஒரே மனதினர் என்று பொருள். மேல் பாராம் பகுதியில் உள்ள லோங் லமாய் ஊர் மக்கள், மலேசிய சரவாக் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து இந்தக் குறியீடுகளைக் கணினியில் பதிவு செய்துவருகிறார்கள். விடுதிப் பள்ளிகளில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் காட்டில் நடக்கும் நாட்கள் குறைந்துவிட்டதால் எழுந்த தேவை அது.

ஆவணம் இல்லாத உரிமை

1958இல் நடைமுறைக்கு வந்த சரவாக் நிலச் சட்டம், பழங்குடியினரின் மரபுவழி நில உரிமையை ஏற்கிறது. ஆனால் அந்த உரிமை, 1958 ஜனவரி 1க்கு முன்னர், காட்டை வெட்டித் திருத்திப் பயிரிட்டது போன்ற செயல்களால் உண்டாகியிருக்க வேண்டும். நெல் விளைத்த நீள்வீட்டு மக்கள் தங்கள் வயல்களைக் காட்ட முடிந்தது. காட்டை வெட்டாமல் காத்தவர்களிடம் காட்டுவதற்கு வயல் இல்லை. சட்டத்தை வகுத்தவர்களுக்கு மோலோங் என்ற சொல் தெரிந்திருக்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். இதன் விளைவு, பெனான் காடுகள் அரசுக் காடுகளாகக் கருதப்பட்டு, வெட்டுமர நிறுவனங்களுக்கு உரிமங்களாக வழங்கப்பட்டன.

1987 மார்ச் இறுதியில் பாராம், லிம்பாங் பகுதிகளில் பெனான் மக்கள் மரம் ஏற்றும் பாதைகளின் குறுக்கே தடுப்புகளை எழுப்பி அமர்ந்தனர். அவர்களிடையே 1984 முதல் 1990 வரை வாழ்ந்த சுவிட்சர்லாந்து நாட்டவர் புருனோ மான்செர் இதை உலகறியச் செய்தார். அந்த ஆண்டே மாநில அரசு வனச் சட்டத்தைத் திருத்தி, பாதை மறிப்பைக் குற்றமாக்கியது. கைதுகள் தொடர்ந்தன. மான்செர் 2000ஆம் ஆண்டு மே மாதம் சரவாக் காட்டுக்குள் நுழைந்தபின் காணாமற்போனார். 2005இல் சுவிஸ் நீதிமன்றம் அவர் இறந்துவிட்டதாக அறிவித்தது.

மரம் போன பிறகு மண் ஆற்றில் இறங்கியது. கலங்கிய நீரில் மீன் குறைந்தது. குடிநீருக்கும் குளிப்பதற்கும் அதே ஆற்றையே நம்பியிருக்கும் கரையோரக் குடியிருப்புகளே இதில் முதலில் பாதிக்கப்பட்டன.

அணைகளின் கதை வேறு. 944 மெகாவாட் திறன் கொண்ட முரும் அணையில் 2013இல் நீர் நிரப்பப்பட்டபோது சுமார் 245 சதுர கிலோமீட்டர் நிலம் மூழ்கியது. அங்கிருந்த ஏறத்தாழ 1,500 பேர், பெரும்பாலும் மேற்குப் பெனான் மக்கள், தெகுலாங், மெதாலுன் ஆகிய புதிய குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டனர். வீடுகளுக்கு மாற்று வீடு கொடுக்கலாம். மூழ்கிய ஓடைகளின் பெயரால் குறிக்கப்பட்ட முன்னோருக்கு எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் இடமில்லை. பாராம் ஆற்றில் திட்டமிடப்பட்ட அணையோ, பல இனத்தவரும் சேர்ந்து ஈராண்டுகளுக்கும் மேலாக நடத்திய மறியலுக்குப் பின், 2015இல் அப்போதைய முதலமைச்சர் அட்னான் சாத்தேமால் நிறுத்திவைக்கப்பட்டது. அதற்கென ஒதுக்கப்பட்ட நிலம் 2016இல் விடுவிக்கப்பட்டது.

முலு பூங்காவின் வழி இவ்விரண்டிலிருந்தும் மாறுபட்டது. 1974இல் பூங்கா அறிவிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அதன் எல்லைக்குள் குறிப்பிட்ட பகுதிகளில் வேட்டையாடப் பெனான் மக்களுக்கு அனுமதி உண்டு. ஆனால் எல்லைக்கு வெளியே காப்பு இல்லை. 2019இல் பூங்காவை ஒட்டிய சுமார் 4,400 எக்டேர் நிலத்தில் செம்பனைத் தோட்டம் அமைக்கக் காடு வெட்டப்பட்டபோது, பத்து புங்கான் பெனான் மக்களும் அருகிலுள்ள பெராவான் மக்களும் எதிர்த்துத் தடுப்பு எழுப்பினர். காலையில் பயணிகளுக்குக் கூடை விற்கும் அதே ஊர்தான் அது.

2017இல் 63 பெனான் கிராமங்கள் சேர்ந்து, பல ஆண்டு உழைப்பில் உருவான 23 வரைபடங்களை வெளியிட்டன. முதியவர்கள் பெயர் சொல்ல, இளையவர்கள் செயற்கைக்கோள் கருவியுடன் நடந்து சென்று குறித்தார்கள். ஆயிரக்கணக்கான ஆறுகளும் ஓடைகளும் முகடுகளும், பழைய முகாம்களும், கல்லறைகளும், நச்சு மரங்களும் அவற்றில் இடம்பெற்றுள்ளன. வாயால் மட்டும் வழங்கிவந்த ஓடைகளின் வரிசை முதன்முறையாக இந்த அளவில் காகிதத்துக்கு வந்தது.

2018இல் திருத்தப்பட்ட நிலச் சட்டம், பயிரிட்ட நிலத்துக்கு அப்பாலும் பழங்குடியினரின் வாழ்புலம் என ஒன்று உண்டு என்பதை ஏற்றது, ஆனால் அதன் பரப்புக்கு உச்சவரம்பும் விதித்தது. ஒரு பெனான் குழு தலைமுறைகளாக நடந்த காட்டை அந்த வரம்புக்குள் அடக்குவது கடினம். நில அளவைக்கு உரிமம் பெற்றவர்களே நில எல்லை வரைபடம் தயாரிக்கலாம் என்று 2001ஆம் ஆண்டின் நில அளவையாளர் சட்டம் கூறுகிறது. பெனான் கிராமங்களின் வரைபடங்களை வரைந்தவர்களிடம் அந்த உரிமம் இல்லை.